79 ரூபாய் ட்யூபும் தெருக் கூட்டிய பெண்ணும்

2013இல் டெல்லியில் ஒருவர் இமாமி நிறுவனத்தின் ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ கிரீமை 79 ரூபாய்க்கு வாங்கினார். சொன்னபடி பூசியும் முகம் வெளுக்கவில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 2015இல் மன்றம் 15 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. 2017இல் மாநில ஆணையம் அந்த உத்தரவை ரத்து செய்து, மறுபடியும் விசாரிக்கச் சொன்னது. 2024 டிசம்பரில்தான் அடுத்த தீர்ப்பு வந்தது: 14.5 லட்சம். தண்டத் தொகையின் பெரும்பகுதி டெல்லி நுகர்வோர் நல நிதிக்கு, 50 ஆயிரம் மனுதாரருக்கு. வழக்குச் செலவுக்குத் தனியாக 10 ஆயிரம். ஒரு ட்யூபுக்கு 11 ஆண்டுகள்.

தனியாளாக நின்று இவ்வளவு காலம் வழக்கு நடத்தியதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயத்தைப் பாருங்கள். கிரீம் பலன் தர வேண்டுமென்றால் சத்தான சாப்பாடு வேண்டும், உடற்பயிற்சி வேண்டும், சுகாதாரமான வாழிடம் வேண்டும் என்பதெல்லாம் நிறுவனத் தரப்பின் வாதத்தில் வந்தது. அதை ஏன் அட்டையில் போடவில்லை என்று ஆணையம் கேட்டது. சரியான கேள்விதான். சாக்கடை ஓரத்தில் நமக்கு ஒதுக்கப்பட்ட சேரிக்கு அந்தக் கிரீம் செய்யப்படவில்லை என்பதும் அதோடு சேர்ந்தே தெரிந்துவிட்டது.

ஆணையம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கறுப்பை ஏன் குறை என்று விற்கிறாய்? நுகர்வோர் சட்டத்தின் முன் ‘வெளுத்ததா, வெளுக்கவில்லையா’ என்பதுதான் வழக்கு. உண்மையிலேயே வெளுத்திருந்தால் வழக்கே இல்லை.

அந்தக் கேள்வியை அதற்கு முன்பே கேட்டவர்கள் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தினர். இந்துஸ்தான் லீவர் 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’யின் ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று அப்பா புலம்புவார். மகள் கிரீம் பூசி, வெளுத்து, விமானப் பணிப்பெண் ஆவாள். பொய் என்று மட்டும் அல்ல, இது இழிவு என்று மாதர் சங்கம் புகார் கொடுத்தது. 2003இல் அரசு தலையிட்டு, அந்த நிறுவனத்தின் இரண்டு விளம்பரங்கள் நின்றன. அபராதம் கிடையாது. கிரீம் விற்றுக்கொண்டே இருந்தது.

அடுத்த ஆண்டே, 2004இல், மேலாண்மை அறிஞர்கள் சி.கே. பிரகலாத்தும் ஆலன் ஹேமண்டும் ‘ஃபாரின் பாலிசி’ இதழில் ஏழைகளுக்கு விற்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் இதே கிரீமைப் பூசும் ஓர் இளம்பெண் வருகிறார். தெருக் கூட்டுபவர். தன் பெற்றோரின் தோலை வெயில் பாழாக்கியதுபோல் தன் தோலைப் பாழாக்காது என்று அவருக்குப் பெருமிதம். இதை அதிகாரம் பெறுதல் என்று கட்டுரையாளர்கள் பாராட்டினார்கள். அனீல் கர்னானி என்ற பேராசிரியர் 2007இல் இதைக் கடுமையாக மறுத்து எழுதினார். இந்த நாட்டில் தெருக் கூட்டும் வேலை யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விளக்குமாற்றைக் கையில் கொடுத்து வெயிலில் நிறுத்திவிட்டு, அந்த வெயிலுக்கு மருந்தும் விற்கிறார்கள்.

நிறத்துக்கும் சாதிக்கும் முடிச்சுப் போடுவதைக் கிரீம் கம்பெனி கண்டுபிடிக்கவில்லை. ‘கறுத்த பார்ப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பாதே’ என்று பழமொழி வைத்திருக்கும் ஊர் இது. அம்பேத்கர் 1948இல் ‘தீண்டப்படாதார்’ நூலில் மூக்கு அளவீடுகளை எடுத்துவைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம்தான் என்று காட்டிவிட்டார். விளம்பரத் துறை அங்கே வந்து சேர 2014 ஆனது. அந்த ஆண்டு அதன் சுய ஒழுங்கு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ., தோல் நிறத்தைச் சாதியோடும் தொழிலோடும் தொடர்புபடுத்தக் கூடாது என்று விதி எழுதியது. சாதி என்ற சொல்லையே போட்டு எழுதினார்கள். 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, ‘ஃபேர்’ போய் ‘குளோ’ வந்தது. ‘குளோ அண்ட் ஹேண்ட்சம்’ என்ற பெயர் யாருக்கு என்று இரண்டு கம்பெனிகளும் சண்டைபோட்டு மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது தனிக் கூத்து.

அமெரிக்காவில் ஒருவர் போடும் வழக்கு அந்தப் பொருளை வாங்கிய எல்லோருக்குமான வழக்காக முடியும். அழகுசாதன விளம்பர வழக்குகள் பல அங்கே சமரசத்தில் முடிகின்றன. கம்பெனி தவறை ஒப்புக்கொள்ளாது, ஆனால் பணம் ஒதுக்கும். ரசீது இல்லாதவரும் உறுதிமொழி கொடுத்து ஒரு சிறு தொகை வாங்க முடிவதுண்டு. இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. 1986 சட்டத்தில் 12(1)(சி), 2019 சட்டத்தில் 35(1)(சி): ஆணையத்தின் அனுமதியோடு, ஒரே நலன் கொண்ட எல்லோர் சார்பிலும் ஒருவர் புகார் கொடுக்கலாம். டெல்லி வழக்கு அப்படிப் போடப்பட்டதல்ல. அதனால் தொகையின் பெரும்பகுதி நல நிதிக்குப் போனது, அதே கிரீமை வாங்கிய மற்றவர்களுக்குப் போகவில்லை.

தெருக் கூட்டிய பெண்ணைப் போன்றவர்கள் வாங்குவது பெட்டிக்கடையில் தொங்கும் சாஷே பாக்கெட். அதற்கு எந்தக் கடைக்காரர் பில் போட்டுத் தருகிறார்?