குட்டித் தக்காளிதான் மூத்தது

செர்ரி தக்காளியை இஸ்ரேல்காரங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு சேதி ரொம்ப நாளா வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டு இருக்கு. வீட்டுத் தோட்டம் போடுறவங்க பலபேரும், பெரிய தக்காளியைச் சின்னதாக்கி எடுத்த புது ரகம் அதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. விஷயம் அப்படியே நேர்மாறு. சின்னதுதான் முதல்ல வந்தது. பெரிசுதான் மனுஷன் பண்ணினது.

தக்காளியோட பூர்வீகம் தென் அமெரிக்கா. பெரு, ஈக்வடார் நாடுகளில், ஆண்டிஸ் மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பகுதியில், சுண்டைக்காய் அளவுக்குச் சிவப்பாய்ப் பழுக்கும் ஒரு காட்டுக்கொடி இன்னைக்கும் தானா முளைச்சுக் கிடக்கு. அதிலிருந்துதான் செர்ரி அளவுத் தக்காளி வந்தது. அது வடக்கே மெக்சிகோ போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த குடியானவங்க பெரிய பழமாப் பார்த்துப் பார்த்து விதை எடுத்து வச்சுத்தான், தலைமுறை தலைமுறையா, இன்னைக்கு நாம சந்தையில் பாக்குற பெரிய தக்காளி உருவாச்சு.

இதில் பெயர்க் கதை ஒண்ணு இருக்கு. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் 'டொமாட்டில்' என்ற சொல், காகிதம் மாதிரி உறைக்குள்ளே இருக்கிற பச்சைக் காய்க்கும் வழங்கியது. சிவப்புத் தக்காளிக்கு 'ஷிட்டொமாட்டில்' என்று தனிப்பேர். ஸ்பெயின்காரங்க ரெண்டையும் குழப்பி 'டொமாட்டே' ஆக்கிட்டாங்க.

நம்ம ஊர்லயும் அதே கதைதான். வரப்பு ஓரத்துல முளைக்கும் சொடக்குத் தக்காளியைச் சின்ன வயசுல நெத்தியில அடிச்சு வெடிக்க வச்சிருப்பீங்க. அந்த உறைக்காயும் மெக்சிகோவின் பச்சை உறைக்காயும் ஒரே பேரினம். மணத்தக்காளி நம்ம பழைய வைத்தியக் கீரை. ஆக, கடல் கடந்து தக்காளி வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பேரு இங்க இருந்தது. அதனாலதான் வந்ததுக்குச் 'சீமைத் தக்காளி'ன்னு அடைமொழி வேண்டியிருந்தது. இப்போ சீமை உதிர்ந்து போய், வந்ததே வீட்டுக்காரர் ஆயிடுச்சு!

1521-இல் ஸ்பெயின் படை ஆஸ்டெக் தலைநகரைப் பிடிச்சது. 1544-இல் இத்தாலியின் மத்தியோலி தக்காளியைப் பத்தி எழுதுறார். 1623-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக் காஸ்பர் பௌஹின் வெளியிட்ட தாவரப் பட்டியலில் செர்ரி வடிவத் தக்காளி இருக்கு. அதாவது, இஸ்ரேல் என்ற நாடு உருவாவதற்கு முந்நூறு வருஷத்துக்கு மேல முந்தி. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் செய்தது வேற வேலை. பறிச்ச பிறகும் பல நாள் கெடாத, ஒரே அளவாக் காய்க்கிற ரகங்களை எடுத்து வியாபாரத்துக்குக் கொண்டு வந்தாங்க. நல்ல வேலைதான். அதுக்காகப் பிறப்புச் சான்றிதழை அவங்க பேருக்கு எழுத முடியாது.

என்னை மாதிரி விவசாயிக்கு முக்கியமான பகுதி இதுக்கு அப்புறம்தான் வருது. பெரிய பழம் பெரிய பழம்னு தேர்ந்தெடுத்ததில் தக்காளிக்கு உடம்பு வத்திப் போச்சு. அமெரிக்காவில் பூசண வாடல் நோய் வயல் வயலாக் காயவச்சது. பயிர் ரகங்களில் தேடிக் கிடைக்காத வலுவான எதிர்ப்பு, பெருவின் அந்தச் சுண்டைக்காய்த் தக்காளியில் இருந்தது. 1940-களின் தொடக்கத்தில் அதைக் கலந்து எடுத்த ரகம் வந்தது. இன்னைக்கு நாம வாங்குற எத்தனையோ வீரிய ரகங்களுக்குள்ளே அந்தக் காட்டுப் பழத்தின் குணம்தான் காவல் நிக்குது. யாரும் தண்ணி ஊத்தாத, உரம் போடாத ஒரு களை!

கலிபோர்னியாவின் சார்லஸ் ரிக் என்ற விஞ்ஞானியின் அனுபவம் இன்னும் சுவாரசியம். கலாபகோஸ் தீவுகளில் கிடைக்கும் சின்னஞ்சிறு தக்காளியின் விதை எப்படிப் போட்டாலும் லேசில் முளைக்கலை. அந்தத் தீவின் ராட்சத ஆமைக்குத் தின்னக் கொடுத்து, அது கழிச்ச பிறகு எடுத்துப் போட்டார். முளைச்சது! 1961-இல் இதை எழுதி வெளியிட்டார். அந்தச் செடியிலிருந்துதான் கணுவே இல்லாத காம்பு கிடைச்சது. பழம் காம்பு ஒட்டாமல் கழண்டு வரும். மிஷின் அறுவடைக்கு அது பெரிய உதவி.

நம்ம வீட்டு விதைக்கு ஆமை தேவையில்லை. ஆனா விதையைச் சுத்தியிருக்கிற வழவழப்பு, முளைப்பைத் தடுத்து வைக்கும். நல்லாப் பழுத்த பழத்தைப் பிழிஞ்சு, கொஞ்சம் தண்ணி விட்டு ரெண்டு மூணு நாள் புளிக்க விடுங்க. மேலே நுரை கட்டும், நாத்தம் வரும், பயப்படாதீங்க. அடியில தங்கின விதையை அலசி நிழல்ல காய வைங்க. பேப்பர்ல போட்டா ஒட்டிக்கும், தட்டு நல்லது. அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல புதைக்காம விதைச்சா ஒரு வாரத்துல எட்டிப் பாக்கும். 25 நாள் நாத்தைப் பிடுங்கி நட்டு, குச்சி ஊனிக் கட்டிடுங்க. பெரும்பாலான குட்டித் தக்காளி நின்னு வளராது, ஓடிக்கிட்டே இருக்கும்.

ஒண்ணு கவனிக்கணும். சூப்பர் மார்க்கெட் டப்பாவில் வர்றது பெரும்பாலும் கலப்பின விதை. அதிலிருந்து எடுத்துப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வராது. ஒண்ணு புளிக்கும், ஒண்ணு இனிக்கும். பிடிச்ச செடியில் மட்டும் விதை எடுத்து அஞ்சாறு தலைமுறை ஓட்டினா ஒரு நிலைக்கு வந்துடும். தக்காளி தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்துக்கிற ஜாதி என்பதால் இது நம்மால முடியுற வேலைதான். குப்பைமேட்டுல தானா முளைச்சு, நோய் நொடி இல்லாமக் காய்ச்சுத் தள்ளுற நாட்டுக் குட்டித் தக்காளி கிடைச்சா இன்னும் விசேஷம். அதைக் களைன்னு வெட்டிடாதீங்க, முதல் கொத்துப் பழத்தை விதைக்கு விடுங்க. பொட்டலத்து மேல வருஷத்தை எழுதி ஈரம் படாம வச்சா நாலஞ்சு வருஷம் முளைப்பு இருக்கும்.