விசிறி மடிப்புக்கு எத்தனை வயது?

பள்ளிக்கூடக் காலத்துக் கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். தமிழ்த்தினப் போட்டி முடிஞ்சு நெடுந்தீவுக்குத் திரும்பிற படகு. குறிகாட்டுவானில் ஏறும்போதே காத்து பலம். எங்கட மடியில பொலித்தீன் பையில சுற்றின பரத உடுப்பு, யாழ்ப்பாண ரவுணில வாடகைக்கு எடுத்தது. பக்கத்தில இருந்த ஒரு பெரியம்மா சொன்னா: "கவனம் பிள்ளை, அது ரெண்டாயிரம் வருசத்து உடுப்பு."

கவனமாத்தான் பிடிச்சிருந்தோம். ஆனாலும் அலை ஏறிச்சு, பை நனைஞ்சுது. உப்புத்தண்ணி பட்ட பட்டில வெள்ளைத் திட்டு. கட்டின முற்பணத்தைக் கடைக்காரர் திருப்பித் தரேல்ல. எங்களில் ஒருத்தியின் வீட்டில் அந்தக் காசு சின்னக் காசு இல்லை. அடுத்த தவணை அவள் நடனத்தை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்தாள். அவளுக்கு ஆடத் தெரியாமல் இல்லை. உடுப்புக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

கம்பசுக்கு வந்தபிறகு பெரியம்மா சொன்ன அந்த "ரெண்டாயிரம் வருசத்தை" ஒருக்கால் தேடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். தேடிப்போன பாதை எங்களைப் பாரிசுக்குக் கொண்டுபோய் விட்டது.

1832. பாரிஸ் ஒப்பராவில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே. மரீ டாக்லியோனி மெல்லிய வெள்ளை மஸ்லின் பாவாடையோடு நுனிக்காலில் நின்று ஆடினார். மணி மாதிரிக் கவிழ்ந்த பாவாடை, நீளம் கெண்டைக்கால் வரை. கணுக்கால் தெரியவேணும், ஏனென்றால் புதுமையே அந்த நுனிக்கால் ஆட்டத்தில்தான். இன்றைக்கு டூட்டூ என்று சொல்லும் பாலே உடுப்பின் வரலாற்றை வழமையாக இங்கிருந்துதான் தொடங்குவார்கள். டூட்டூ என்ற பெயர் பிறகு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்குக்கு வந்தது.

அந்த அழகுக்கு விலையும் இருந்தது. மேடை விளக்குகள் வாயுவில் எரிந்த காலம் அது. 1862இல் ஒரு ஒத்திகையில் எம்மா லிவ்ரி என்ற ஆட்டக்காரியின் பாவாடையில் தீப்பிடித்தது. தீப்பிடிக்காமல் துணியைப் பதப்படுத்தும் முறை அப்போதே இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் துணி விறைத்து நிறம் மங்கும் என்று அவர் மறுத்திருந்தார். எட்டு மாதம் கிடந்து, 1863இல் இறந்தார். வயது 20. எங்கட வயசு.

போகப்போக ஆட்டம் கடினமாகியது, சுற்றுகளும் தாவல்களும் கூடின, கால் முழுதும் தெரியவேண்டி வந்தது. பாவாடை குறுகி முழங்காலுக்கு மேலே ஏறியது. கடைசியில் பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலைத்துணி, உள்ளே ஒரு வளையம், இடுப்பில் தட்டு வைத்த மாதிரி நிற்கும் உடுப்பு. 1950இல் நியூயோர்க்கில் பாலன்சீனுக்காகக் கரின்ஸ்கா தைத்தபோது அந்த வளையத்தையும் எடுத்துவிட்டார். மேடையில் ஆட்கள் கூடினால் தட்டோடு தட்டு இடிபடுமே! ஆக, எந்தக் காலத்திலும் ஆட்டம் மாற உடுப்பும் மாறியிருக்கிறது. அது 'கெட்டுப்போச்சு' என்று யாரும் பாலேயை மூடிவிடவில்லை.

இதில எங்கட ஆக்கள் எங்க வருகினம்? 1838இல். டாக்லியோனி ஆடி ஆறு வருசத்தில், புதுச்சேரிப் பக்கமிருந்து ஒரு தேவதாசிக் குழு பாரிசுக்குப் போய் ஆடியது. அம்மணி என்ற இளம்பெண்ணைப் பார்த்து அந்த ஊரே அசந்துபோனது. அவரைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர் தியோபில் கோத்தியே. 'ஜிசெல்' பாலேயின் கதையில் பிறகு கைவைத்தவரும் அவரே. 1877இல் ரஷ்யாவில் பெத்திபா 'லா பயதேர்' என்று ஒரு கோயில் நடனப்பெண்ணின் கதையையே பாலே ஆக்கினார். ஆனால் மேடையில் நின்றது டூட்டூ கட்டின ரஷ்யப் பெண்கள். எங்கட கதை போனது, எங்கட பெண்கள் போகவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பாதை திரும்பி வந்தது. 'சாகும் அன்னம்' ஆடிய அன்னா பாவ்லோவாவை 1920களின் இறுதியில் ருக்மிணி தேவி அருண்டேல் சந்தித்தார். முதலில் பாலேதான் படிக்கத் தொடங்கினார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா சொன்னதாக அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு சதிர் பார்த்தார், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார், 1935இல் அடையாறில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரா தொடங்கியது.

சதிர் ஆடிய பெண்கள் என்ன உடுத்தார்கள்? பழைய படங்களைப் பாருங்கோ. உள்ளே பைஜாமா, மேலே சுற்றிக்கட்டிய சேலை, முன்னுக்கு மடிப்பு, இடுப்பில் ஒட்டியாணம். கட்டிற விதத்திலதான் எல்லாம். ருக்மிணி தேவி அதை மாற்றினார். மதாம் கஸான் என்ற இத்தாலியப் பெண்ணின் கைத்தையல், கோயில் சிற்பங்களிலிருந்து எடுத்த யோசனை, கைத்தறிப் பட்டு. துண்டு துண்டாகத் தைத்துக் கொழுக்கி போடும் உடுப்பு வந்தது. அரைமண்டியில் இருக்கும்போது விரியும் விசிறி மடிப்பு அந்தத் தையலில் நிலைத்தது. பாலேயின் மேடை ஒழுங்கைப் பார்த்துப் பழகிய கண்ணும் அதில் இருக்கிறது என்றே எங்களுக்குப் படுகிறது. சிற்பத்தில் இருந்தது என்று சொல்லுவினம். சிற்பத்தில சட்டை எங்க இருக்கு?

எல்லாரும் இதை ஏற்கவில்லை. தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி, சேலையைச் சுற்றிக் கட்டும் பழைய பாங்கிலேயே ஆடினார். அவர் ஆடியது பரதம் இல்லை என்று சொல்லத் துணிபவர் யார்?

இப்ப யாழ்ப்பாணத்துக்கு வருவம். இந்த ஆட்டம் இங்கே புதிது இல்லை. கோயில் திருவிழாக்களில் 'சின்னமேளம்' என்ற பெயரில் ஆடினார்கள். அதைக் கடுமையாக எதிர்த்தவர் ஆறுமுக நாவலர். ஊர் சின்னமேளத்தைப் பார்த்தது, ஆடியவளை மதிக்கவில்லை. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டப்படி ஒழிந்தது. அந்த முறையில் கொடுமை இருந்தது உண்மை. ஆனால் ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்களும் அதோடு மேடையை விட்டுப் போனார்கள். 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி தொடங்கியது. பிறகு அது பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. சின்னமேளத்தை முகம் சுளித்த அதே வீடுகளில் பிள்ளையை நடனத்துக்கு அனுப்புவது பெருமையாகியது. நடுவில் என்ன மாறியது? அடவு பெரிதாக மாறவில்லை. ஆடுகிற ஆள் மாறினாள், உடுப்பு மாறியது. புது உடுப்பு ஒரு சான்றிதழ் மாதிரி: இவள் 'நல்ல குடும்பத்துப் பிள்ளை'.

அதனாலதான் உடுப்பைத் தொட்டால் ஆக்களுக்குக் கோபம் வருது என்று நினைக்கிறோம்.

எங்களுக்கு இன்னொரு உடுப்பும் இருக்கு. வடமோடிக் கூத்தில் அரசர் கட்டும் கரப்புடுப்பு. கோழிக் கரப்பைக் கவிழ்த்த மாதிரி வளையம் வைத்து விரிந்து நிற்பதால் அந்தப் பெயர். டூட்டூவுக்குத் தம்பி போல இருக்கும். சுழன்று ஆடும் உடம்புக்கு விரிந்து நிற்கும் உடுப்பு வேணும் என்று ஊர்க்காரர் தாங்களாகவே கண்டுபிடித்து, தாங்களாகவே கட்டிக்கொண்டார்கள். அரங்கேற்றத்துக்கு ஊரே சேர்ந்து வேலை செய்யும். பரதத்தில் மட்டும் ஏன் உடுப்பு ஒவ்வொரு அம்மாவின் தனிக் கடனாகிப் போனது?

நாங்கள் தையல் உடுப்புக்கு எதிரி இல்லை. அது வடிவானது, ஆடவும் வசதி. ஆனால் அதற்கு வயது ரெண்டாயிரம் இல்லை, நூறுகூட இல்லை. எங்கட அம்மம்மாமாரின் வயசுதான். ஒரு மனுசி தன் காலத்துக்கு ஏற்றபடி மாற்றிய ஒன்றை, எங்கட காலத்துக்கு ஏற்றபடி நாங்களும் மாற்றலாம். அம்மாவின் சேலையை மடித்துக் கட்டி ஒரு பிள்ளை மேடையேறினால் அது குறை இல்லை. பாலசரஸ்வதி நின்ற பக்கம் அது. போட்டிக்கு நடுவராகப் போகிற அக்காமார் இதை ஒருக்கால் யோசிக்கவேணும்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கட அலுமாரிக்குள்ள அரங்கேற்ற உடுப்பு ஒன்று சும்மா கிடக்குதா? ஊர்காவற்றுறையோ, நயினாதீவோ, நெடுந்தீவோ, கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்து நடன ரீச்சரிட்டக் குடுங்கோ. படகில கொண்டுபோறதெண்டால் ரெண்டு பொலித்தீன் பையில சுத்துங்கோ.