மின்னல் கப்பலும் கும்மிப் பாட்டும்

பல்லடம் வட்டாரத்தில் பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கும்மி கொட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குஜராத்திலும் இதற்கு உறவான ஓர் ஆட்டம் உண்டு. அதைக் கர்பா என்பர். அங்கு பாடப்பட்டு வந்த பாட்டுகளுள் ஒன்று, 1888-ஆம் ஆண்டில் காணாமற்போன ஒரு கப்பலுக்கான ஒப்பாரியாகும்.

கப்பலின் பெயர் ‘வைதர்ணா’. பம்பாய்க்கு வடக்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயர் அது. 1885-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். நீளம் 170 அடி. எடிசனின் மின்விளக்கு தோன்றி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். கோயமுத்தூருக்குப் பைக்காரா மின்சாரம் வந்ததே 1930-களில்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்! இக்கப்பலிலோ மின்விளக்குகள் எரிந்தன. கரையோர மக்கள் வியந்து இதை ‘விஜளி’ என்றழைத்தனர். மின்னல், மின்சாரம் இரண்டுக்கும் குஜராத்தியில் அதுதான் சொல்.

1888 நவம்பர் 8 அன்று கட்ச் நாட்டின் மாண்டவியிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது விஜளி. துவாரகையிலும் ஆட்கள் ஏறினர். கடல் கொந்தளித்ததால் போர்பந்தரில் நிற்கவில்லை. மாலையில் மாங்ரோல் அருகே கண்டவர் உண்டு. அதற்குப் பின் ஒருவரும் காணவில்லை. பதிவுகளின்படி கப்பலில் இருந்தோர் 740-க்கும் மேல். திருமணக் கூட்டங்களும், மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதச் சென்ற மாணவர்களும் அவர்களுள் அடங்குவர். கம்பியில்லாத் தந்தி தோன்றாத காலமாதலால் உதவி கேட்க வழியில்லை. தேடிச் சென்ற கப்பல்களுக்கு ஒரு பலகைகூட அகப்படவில்லை.

உடல்கள் கிடைக்காத வீடுகளில் பாட்டுப் பிறந்தது. வெள்ளமோ கொலையோ நேர்ந்தால் சிந்து பாடி, சிறு நூலாக அச்சிட்டுச் சந்தையில் விற்கும் வழக்கம் நம்மிடமும் இருந்ததல்லவா? அவ்வாறே ஜாம்நகர்ப் புலவர் ஒருவர் ‘விஜளி விலாப்’ என்ற நூலை வெளியிட்டார். பின்னர் ஜவேர்சந்த் மேகாணி (1896–1947) பெண்கள் வாய்வழியே வழங்கிய பாட்டைத் தம் ‘ரடியாளி ராத்’ தொகுப்பில் சேர்த்தார். அது ஹாஜி காசம் என்பவரை விளித்துப் புலம்புகிறது.

பாட்டை வரலாறாகக் கொள்ளலாமா? இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மக்கள் வழக்கில் இறந்தோர் தொகை ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. ஹாஜி காசம் கப்பல் தலைவர் என்பது பாட்டின் மரபு. பயணச்சீட்டு முகவர்தான் என்பாரும் உளர். போர்பந்தரின் ஆங்கில நிர்வாகி தடுத்தும் தலைவர் கேளாமல் சென்றார் என்ற கதைக்கு ஆய்ந்தோர் சான்று காணவில்லை. ஆனால் பம்பாய் அரசின் விசாரணை சுட்டியது வேறொன்றை: உயிர்காக்கும் படகுகளும் பிற பாதுகாப்புச் சாதனங்களும் போதிய அளவில் இல்லை. அந்தப் பற்றாக்குறை கப்பலை நடத்திய பம்பாய் ஷெப்பர்டு கம்பெனியைச் சார்ந்தது. பாட்டிலோ பழி முழுவதும் ஒரு மனிதர் தலையில் விழுந்துவிட்டது. அது நியாயமாகப்படவில்லை.

எனினும் பதிவேட்டில் வெறும் எண்ணாக நிற்பவர்கள், பாட்டில் மாலை சூடிய மணமக்களாக வருகிறார்கள். 1954-இல் குணவந்தராய் ஆசார்யா இதை நாவலாக்கியபோதும் ஹாஜி காசத்தின் பெயரும் விஜளியின் பெயருமே தலைப்பாயின. ‘வைதர்ணா’ என்ற பெயர் பதிவேட்டோடு நின்றுவிட்டது.