ஆளுமை வகைப்பாடும் குழுப்பணியும்: ஒரு வரலாற்று நோக்கு

மனித இயல்புகளை வகைப்படுத்தும் முயற்சி மிகப் பழமையானதாயினும், அவ்வகைப்பாட்டைப் பணியிடத்தில் பலர் இணங்கி உழைப்பதற்குரிய கருவியாகக் கொள்ளும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் தோன்றியது. அதன் கருத்தியல் அடித்தளம், சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் குஸ்டாவ் யுங் 1921இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ என்னும் நூலாகும். மனத்தின் ஆற்றல் வெளியுலகை நாடுவதைப் புறமுகம் என்றும், உள்ளத்தை நாடுவதை அகமுகம் என்றும் குறித்த அவர், சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு ஆகிய நான்கு செயற்பாடுகளையும் அவற்றோடு இணைத்தார். மனிதர்மீது முத்திரை குத்துவது தம் நோக்கமன்று என்றும் அவர் பின்னாளில் எச்சரித்தார்.

யுங்கின் சிந்தனையை அமெரிக்கப் பொதுவாழ்வுக்குக் கொண்டுசென்றவர்கள் பல்கலைக்கழக அறிஞர்கள் அல்லர். காதரின் குக் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் ஆகிய இருவரே ஆவர். இசபெல் 1918இல் மணந்துகொண்ட கிளாரன்ஸ் மையர்ஸ், உலகைக் காணும் விதத்தில் காதரினின் குடும்பத்தாரிடமிருந்து பெரிதும் வேறுபட்டிருந்தமை காதரினை வகைப்பாட்டு ஆய்வில் ஈடுபடச் செய்தது. யுங்கின் நூல் 1923இல் ஆங்கிலத்தில் வந்தபோது, தாம் வகுத்துவந்த முறையைவிட அது விரிவானது எனக் கண்டு அதனையே அவர் தழுவிக்கொண்டார். மாறுபட்ட இயல்புடைய ஒருவரைக் குறைகூறாது புரிந்துகொள்ளும் விருப்பமே இம்மரபின் தொடக்கமாக இருந்தது என்பது இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அவரவர் இயல்புக்கேற்ற பணியைக் கண்டடைய உதவும் வினாத்தொகுப்பு ஒன்றை உருவாக்க முற்பட்ட இசபெல், உளவியலில் முறையான பட்டம் பெற்றவரல்லர் என்பதால், ஃபிலடெல்ஃபியா வங்கி ஒன்றின் பணியாளர் துறையை நடத்திய எட்வர்ட் ஹேயிடம் சோதனை அமைக்கும் முறைகளைக் கற்றார். யுங் கூறிய இரு முகங்களும் நான்கு செயற்பாடுகளும் தரும் மூன்று இணைகளோடு, ஒழுங்குபடுத்தித் தீர்மானிக்க விரும்புவோர், முடிவைத் திறந்துவைக்க விரும்புவோர் என்னும் நான்காவது இணையை அவர் தனித்து வரையறுத்ததால் பதினாறு வகைகள் பிறந்தன. கல்விச் சோதனைச் சேவை நிறுவனம் 1962இல், வகைச் சுட்டி எனப்பட்ட இவ்வினாத்தொகுப்பை ஆய்வுக் கருவியாக வெளியிட்டது. 1975இல் வெளியீட்டுப் பொறுப்பு வேறொரு பதிப்பகத்திற்கு மாறிய பின்னரே அது அலுவலகங்களில் பெருமளவில் பரவியது.

பரவலுக்கு ஈடாக ஆதாரம் வலுப்பெறவில்லை. ஒருவர் இவ்வகை அல்லது அவ்வகை என இருகூறாகப் பிரிக்கும் முறையை, ராபர்ட் மெக்ரே, பால் கோஸ்டா ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு ஏற்கவில்லை. ஆளுமைக் கூறுகள் தொடர்ச்சியான அளவில் அமைகின்றன என்பதும், பெரும்பாலோர் நடுப்பகுதியை ஒட்டியே நிற்கின்றனர் என்பதும் இதற்குக் காரணம். நடுக்கோட்டருகே நிற்பவர் மறுமுறை விடையளிக்கையில் எதிர்வகைக்கு எளிதில் மாறிவிடுகிறார். அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுமத்தின் 1991ஆம் ஆண்டு அறிக்கையும், தொழில்வழிகாட்டலில் இதனைப் பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என்றே முடிவுசெய்தது.

குழுப்பணியைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் மெரிடித் பெல்பின் மேற்கொண்ட ஆய்வு கூடுதல் பயன் தருவதாகத் தோன்றுகிறது. ஹென்லி மேலாண்மைக் கல்லூரியில் நிர்வாகப் போட்டி விளையாட்டுகளில் ஈடுபட்ட குழுக்களைப் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கிய அவர், கூரிய அறிவுடையோரை மட்டுமே திரட்டி அமைத்த குழுக்கள் பலமுறை பின்தங்கியதைக் கண்டார். அவர்கள் ஒருவர் வாதத்தை மற்றவர் தகர்ப்பதிலேயே காலத்தைச் செலவிட்டதால் முடிவெடுக்க இயலவில்லை. 1981இல் வெளியான அவரது நூல், ஒருவர் யார் என்பதைவிடக் குழுவில் அவர் ஆற்றும் பங்கு யாது என்பதை முன்னிறுத்தியது. பங்கு என்பது சூழலுக்கேற்ப மாறக்கூடியது ஆதலால், இந்நோக்கு மனிதரை நிரந்தரமாகக் கட்டிவைப்பதில்லை.

ஆகவே, உடன் பணிபுரிவோர் தத்தம் வேறுபாடுகளைத் தயக்கமின்றிப் பேசத் தொடங்குவதற்கு வகைப்பாடு உதவலாமே ஒழிய, ஆளைத் தெரிவுசெய்வதற்கோ பதவி உயர்வை முடிவுசெய்வதற்கோ அது தகுந்த அளவுகோலன்று. பணியாளர் தேர்வுக்கு இச்சுட்டியைப் பயன்படுத்தலாகாது என்று அதனைப் பேணிவரும் அமைப்பே அறிவுறுத்தி வருகிறது.