கல்வராயன் பாறையின் காந்தப் பதிவும் வைரக் கருவியும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் காணப்படும் கருநிறச் சார்னோகைட் பாறையின் துண்டொன்றைக் கையில் எடுப்பவர்க்கு அது வெறும் கல்லே. ஆயின், இத்தகைய பாறைகளில் அற்பமாகக் கலந்திருக்கும் மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவின் நுண்மணிகள், சுமார் 580 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலிருந்து ஆறும்போது, அக்காலத்துப் பூமியின் காந்தம் நின்ற திசையைத் தம்முள் பதித்துக்கொள்ளும் இயல்புடையன. அப்பதிவைத் துண்டு முழுவதற்கும் ஒருசேர அளப்பது போதாது, இடந்தோறும் பிரித்து அளக்க வேண்டும், அதற்கு வைரமே தக்க சாதனம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஏறத்தாழ 30 முதல் 80 நானோமீட்டர் வரை அளவுடைய மேக்னடைட் மணி ஒற்றைக் காந்தமாக நின்று பல கோடி ஆண்டுகள் தன் திசையைக் காக்கும். அதனிற் பெரியது பல கூறுகளாகப் பிரிந்து பிற்கால மாறுதல்களுக்கு எளிதில் இடங்கொடுக்கும். மிகச் சிறியதோ அறை வெப்பத்திலேயே திசை தடுமாறும். மலையுச்சிப் பாறைகளில் மின்னல் விழுந்து புதிய காந்தத்தை ஏற்றுவதும் உண்டு. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த இயற்பியலறிஞர் கே. எஸ். கிருஷ்ணன் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு அவற்றின் காந்த குணத்தை நுட்பமாக அளந்தார். ஒரே சீரான படிகத்தில் பகுதியின் குணமே முழுமையின் குணமாதலால் அம்முறை பூரண பலன் அளித்தது. பாறையில் அந்தச் சமத்துவம் இல்லை.

வைரத்தில் கார்பன் அணு ஒன்றின் ஸ்தானத்தில் நைட்ரஜன் அமர்ந்து, அதன் அருகே ஓர் இடம் வெறுமையாக இருப்பின், அம்மையம் பச்சை ஒளியேற்றுச் சிவப்பொளி உமிழும்; 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை படும்போது அவ்வொளி மங்கும். மையத்தின் அச்சு வழியே ஒரு மைக்ரோடெஸ்லா காந்தம் செயற்பட்டால், மங்கும் அதிர்வெண் 28 கிலோஹெர்ட்ஸ் விலகுகிறது. இம்முறையின் ஆற்றலை 2008-இல் ஹார்வர்டு, ஸ்டுட்கார்ட் ஆய்வாளர்கள் நிரூபித்தனர். 1940-இல் மத்திய இந்தியாவில் விழுந்த செமர்கோனா விண்கல்லின் நுண்கோளங்களை இவ்வகைக் கருவியாலும் ஆராய்ந்து, சூரிய மண்டலம் உருவான காலத்தில் அங்கே சுமார் 54 மைக்ரோடெஸ்லா காந்தம் நிலவிற்றென 2014-இல் ஆய்வாளர் சிலர் அறிவித்தனர்; இன்று தமிழ்நாட்டில் நிலவும் புவிக்காந்தம் ஏறத்தாழ 40.

வைர நுண்ணோக்கி ஒளியால் காண்பதாகலின் ஒரு மைக்ரோமீட்டர் அளவிற்குக் கீழே பிரித்தறியாது, மணியின் காந்தமும் தூரத்தின் முப்படி விகிதத்தில் குறைந்துவிடும் என்பது நியாயமான ஆட்சேபமே. எனினும், மணிகள் சிதறிக் கிடக்கும் பாறையை மெல்லிய வில்லையாகத் தேய்த்து வைரத்தோடு ஒட்ட வைத்தால், நம்பத்தக்க மணிகள் செறிந்த இடத்தை ஏனையவற்றினின்றும் பிரித்துவிடலாம். அதனினும் நுண்ணிய ஆய்விற்கு வைர முனையால் வருடும் கருவி உண்டு.

தேசியக் குவாண்டம் இயக்கத்திற்கு 2023-இல் ரூ. 6,003.65 கோடி ஒப்பளிக்கப்பட்டது. அதன் உணரிப் பிரிவின் மையமாகிய பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வைர நுண்ணோக்கியும் உருவாகியிருக்கிறது. கருவி நம் நாட்டில் இருக்கிறது. கல்லும் நம் மலையில் இருக்கிறது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைப் பாறையில் வடதிசையைக் குறித்து, ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து அக்கருவியின்கீழ் வைக்கும் பணியை நம் பூகர்ப்ப மாணாக்கர் மேற்கொள்வாராக.