ஜெயித்த ஊரின் பெயர்

எங்கள் தெள்ளார் சிற்றூர்தான். ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே பாண்டியனை முறியடித்த பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன், ‘தெள்ளாறெறிந்த நந்தி’ என்று இவ்வூரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டான். பிறந்த ஊரைவிட ஜெயித்த ஊரின்மேல்தான் மனிதனுக்குப் பாசம் போலும்!

அடையாறு ஆனந்த பவனும் எனக்கு நந்திவர்மனையே ஞாபகப்படுத்துகிறது. அதன் ஸ்தாபகர் திருப்பதி ராஜா மிட்டாய்க் கடை தொடங்கியது ராஜபாளையத்தில். பிறகு பெங்களூர். 1979இல் சென்னை வண்ணாரப்பேட்டை. அப்போது பெயரில் அடையாறு ஏது? 1988இல் அங்கே கடை திறந்த பிறகல்லவா அது ஒட்டிக்கொண்டது!

புதல்வர்கள் காலத்தில் மைசூர்பாகுக்குப் பக்கத்தில் தோசைக்கல்லும் ஏறியது. கெட்டிக்காரத்தனம் என்பேன். இனிப்பு வாங்குகிறவர் தீபாவளிக்கு வருவார். டிபன் சாப்பிடுகிறவர் தினமும் வருவார், போகும்போது கால் கிலோ அல்வாவும் கட்டச் சொல்வார். நெடுஞ்சாலை ஓரங்களில் கார்கள் நின்றன. பெயர் ‘ஏ2பி’ என்று சுருங்க, கடைகள் சிங்கப்பூர், அமெரிக்கா வரை பெருகின. அடையாற்றைக் கண்ணால் பாராதவர்களும் அந்தப் பெயரைச் சொல்லிக் காபி குடிக்கிறார்கள். ராஜபாளையத்துக்குத்தான் பெயர்ப் பலகையில் இடமில்லை.