பாடநூல் ஆய்வுகள் (வளரும் நாடுகளில்)

பள்ளிக்குப் பாடநூல் கொடுத்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா, கற்றால் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் ஆய்வுகளின் தொகுதி. கல்விப் பொருளியல், சமூகவியல், கற்பித்தலியல் ஆகிய மூன்று துறைகளும் இதற்கு உரிமை கொண்டாடுகின்றன. கட்டடம், ஆசிரியர் எண்ணிக்கை, பள்ளி மானியம் போன்ற பிற வளங்களைப் பற்றிய ஆய்வுகளோடு பின்னிக் கிடப்பதால் இதன் எல்லையைக் கறாராக வகுப்பது கடினம். எனினும், அரை நூற்றாண்டாக மிக அதிகமாகச் சோதிக்கப்பட்ட பள்ளிப் பொருள் என்ற வகையில் பாடநூலுக்குத் தனிப் பதிவு தகும்.

தொடக்கம்

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இத்தகைய அளவீடு நடந்ததாகச் சொல்ல முடியாது. 1920களில் ஆப்பிரிக்கா சென்ற ஃபெல்ப்ஸ்-ஸ்டோக்ஸ் குழு பள்ளிகளைப் பார்வையிட்டு அறிக்கை தந்ததே தவிர, பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து ஒப்பிடவில்லை.

கல்வியை முதலீடாகக் கணக்கிடும் போக்குக்கு, தியோடர் ஷுல்ட்ஸ் 1960 டிசம்பரில் அமெரிக்கப் பொருளியல் கழகத்தில் ஆற்றிய தலைமையுரையைத் தொடக்கமாகக் காட்டுவது வழக்கம். அதே ஆண்டில் யுனெஸ்கோவின் ஆதரவில் ஆசிய நாடுகள் வகுத்த கராச்சித் திட்டம், 1980க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று இலக்கு வைத்தது. வேலூரில் பிறந்தவரும் பின்னாளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் (1971) தொடங்கியவருமான மால்கம் ஆதிசேஷையா, 1963 முதல் 1970 வரை யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். கல்விச் செலவும் முதலீடே என்ற வாதத்தை ஏழை நாடுகளின் அரசுகளிடம் ஓயாமல் எடுத்துச் சென்றவர்களில் அவர் ஒருவர். இந்தக் கட்டத்தின் கவலை இடம் பற்றியது: எத்தனை பள்ளி, எத்தனை வகுப்பறை. உள்ளே உட்கார்ந்த பிள்ளை எதைக் கற்றது என்ற கேள்வி பின்னர்தான் வந்தது.

உகாண்டாவும் ‘ஏழை நாட்டு விதி’யும்

1966இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை, சுமார் 6 இலட்சம் மாணவர்களின் தரவுகளை வைத்து, மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில் குடும்பப் பின்னணிக்கு இருக்கும் பங்கு பள்ளி வளங்களுக்கு இல்லை என்றது. பள்ளிக்குச் செலவிடுவதே வீணா என்ற ஐயம் இதனால் எழுந்தது. ஸ்டீபன் ஹைன்மன் 1970களின் தொடக்கத்தில், இடி அமீன் ஆட்சியிலிருந்த உகாண்டாவின் தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். 1976இல் அச்சேறிய அவரது முடிவு நேர் எதிராக இருந்தது. அங்கே குடும்பத்தின் வசதிக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு மெலிந்தும், பள்ளியின் தரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு வலுத்தும் காணப்பட்டன.

உலக வங்கியில் சேர்ந்த பின், ஹைன்மன் 1978இல் ஃபாரெல், செபுல்வேதா ஆகியோருடன் அதுவரையிலான பாடநூல் ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார். மற்ற எந்தப் பள்ளி வளத்தைக் காட்டிலும் பாடநூலே மதிப்பெண்ணோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது என்பது அதன் சாரம். 1983இல் லாக்ஸ்லியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 29 நாடுகளை ஒப்பிட்டது. நாடு ஏழையாக இருக்க இருக்க, கற்றலில் பள்ளியின் பங்கு கூடுகிறது என்ற அதன் முடிவு ‘ஹைன்மன்-லாக்ஸ்லி விளைவு’ என்றே பெயர் பெற்றது.

இந்த விளைவு இன்றும் நிலைக்கிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பேக்கர், கோஸ்லிங், லெடெண்டர் ஆகியோர் 1990களின் பன்னாட்டுத் தேர்வுத் தரவுகளை வைத்து 2002இல் எழுதியபோது அதைக் காணவில்லை. பள்ளி எங்கும் பரவிய பின் ஏழை நாடுகளிலும் குடும்பப் பின்னணியின் பிடி இறுகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். முதல் ஆய்வின் அளவைகள் நாட்டுக்கு நாடு ஒத்துப்போகாதவை என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம்.

மசாயாவும் மணிலாவும்

முறையான முதல் களச் சோதனைகளுள் ஒன்று நிக்கராகுவாவில் நடந்தது. மசாயா பகுதியில் 1974 முதல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வானொலி வழியாகக் கணிதம் கற்பித்துவந்தனர். ஒலிபரப்பில் குரல் ஒரு கணக்கைக் கேட்டுவிட்டுச் சற்று நிற்கும். முதல் வகுப்புப் பிள்ளைகள் அந்த இடைவெளியில் உரக்க விடை சொல்வார்கள். வானொலி விடையைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும். பெட்டியுடன் பேசும் இந்த வகுப்பறையைப் பற்றிய குறிப்புகள் ஆய்வறிக்கைகளின் வறண்ட பக்கங்களில் தனியே தெரிகின்றன. பாடநூலையும் வானொலியையும் எதிரெதிரே நிறுத்த 88 வகுப்பறைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன: சிலவற்றுக்குப் புத்தகம், சிலவற்றுக்கு வானொலி, மீதிக்கு ஒன்றுமில்லை. ஜேமிசன் குழுவினர் 1981இல் வெளியிட்ட முடிவின்படி, புத்தகம் மதிப்பெண்ணைத் திட்ட விலக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயர்த்தியது. வானொலியின் பலன் அதைவிடப் பல மடங்கு. ஆனால் 1979இல் நாட்டின் ஆட்சியே மாறிவிட்டது. வானொலி முறை அங்கிருந்து கென்யா உள்ளிட்ட நாடுகளுக்குப் போயிற்று.

வங்கிகளும் அமைச்சகங்களும் மேற்கோள் காட்டியது பிலிப்பைன்ஸை. 1970களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனில் அந்நாடு பாடநூல்களை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பியது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று என்றிருந்த நிலை இருவருக்கு ஒன்று என மாறியது. புத்தகம் வருமுன் படித்த அணியையும் வந்தபின் படித்த அணியையும் ஒப்பிட்டு ஹைன்மன், ஜேமிசன், மொண்டெனெக்ரோ ஆகியோர் எழுதிய கட்டுரை (1984), முதல் வகுப்பு அறிவியலில் சுமார் அரைத் திட்ட விலக்கமும் கணிதம், பிலிப்பினோ மொழி ஆகியவற்றில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் உயர்வு காட்டியது. இருவருக்கு ஒன்று என்பதைவிட ஆளுக்கொன்று என்பது கூடுதல் பலன் தரவில்லை என்ற துணை முடிவு நிதி அமைச்சகங்களுக்கு இனித்திருக்க வேண்டும். ஒரே ஆண்டு இடைவெளியில் வேறு எதுவும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்வது சரியா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை.

இலங்கை 1980 முதல் பாடநூல்களை இலவசமாக வழங்கிவருகிறது. தமிழ்நாட்டில் 1970இலேயே பாடநூல் கழகம் அமைந்துவிட்டது. இவ்விரண்டும் இந்த ஆய்வு இலக்கியத்தில் அரிதாகவே தலைகாட்டுவதற்குக் காரணம் எளியது. புத்தகம் பெறாத பள்ளி இல்லாத இடத்தில் ஒப்பிட ஆளில்லை. வெற்றியடைந்த வழங்கல் திட்டம் சான்றாகாமல் போவது இத்துறையின் நிரந்தரக் குறை.

எண்ணிப் பார்த்த காலம்

1980களும் 1990களின் முதற்பகுதியும் தொகுப்பாய்வுகளின் காலம். புரூஸ் ஃபுல்லர் (1987) பள்ளி வளங்களுக்கு ஆதரவாகவும், எரிக் ஹனுஷெக் (1995) ஐயத்தோடும் கணக்குப் பார்த்தனர். ஹனுஷெக் 96 ஆய்வுகளைச் சேர்த்தார். ஆசிரியர்-மாணவர் விகிதம் பற்றிய 30 மதிப்பீடுகளில் 8 சாதகம், 8 பாதகம், 14இல் விளைவு தெரியவில்லை. நூலகம், கட்டட வசதி போன்றவற்றுக்குச் சாதகமான முடிவுகள் அதைவிட அதிகம். அதே ஆண்டு, ஹனுஷெக்கின் கட்டுரை வந்த அதே இதழில், மைக்கேல் கிரெமர் மறுப்பு எழுதினார்: உண்மையில் விளைவே இல்லையென்றால் இத்தனை சாதக முடிவுகள் வந்திருக்க முடியாது என்பது அவர் வாதம். ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாம் ஆசிரியரைத் தர முனைந்த இந்தியாவின் கரும்பலகைத் திட்டத்தை (1987) ஏமி சின் பின்னர் 2005இல் ஆராய்ந்து, ஆசிரியர்கள் பள்ளிகளுக்கிடையே மறுபங்கீடு ஆனதையும், தொடக்கக் கல்வியை முடிக்கும் பெண்பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் கூடியதையும் காட்டினார்.

புசியா

பாடநூல் மீதான நம்பிக்கையைக் கலைத்தது மேற்குக் கென்யாவின் புசியா, தேசோ மாவட்டங்களில் நடந்த சோதனை. கிரெமர் இளவயதில் கென்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அங்கே ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்கு உதவிவந்தது. உதவியை எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் தர இயலாது. எனவே யாருக்கு முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால் மற்றப் பள்ளிகள் தாமாகவே ஒப்பீட்டுக்குரியவை ஆகிவிடும். இப்படி 100 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1996இல் முதல் 25 பள்ளிகளுக்குப் பாடநூல்கள் சென்றன. அடுத்த குழுவுக்கு 1997இல் மானியம் கிடைத்தது.

அந்நாளில் அங்கே புத்தகம் வாங்குவது பெற்றோர் பொறுப்பு. பெரும்பாலான கீழ்வகுப்புகளில் ஆசிரியர் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் படியெடுத்துக்கொண்டனர். புத்தகமில்லாத வகுப்புக்குப் புத்தகம் வந்தால் முன்னேற்றம் தெரியாமல் போகாது என்று ஆய்வாளர்களும் எதிர்பார்த்தனர். ஹனுஷெக்குக்கு மறுப்பு எழுதியவரே நடத்திய சோதனை என்பதை இங்கே நினைவில் வைக்கலாம்.

சராசரி மதிப்பெண் உயரவில்லை. பால் கிளெவ், கிரெமர், சில்வி முலாங் ஆகியோர் பல ஆண்டுகள் சுற்றுக்கு விட்டு 2009இல் முழு வடிவில் வெளியிட்ட கட்டுரை இதை ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் முன்தேர்வில் மேல்நிலையில் இருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறியிருந்தனர். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பிள்ளைகளுக்கு வீட்டில் லுஹ்யா அல்லது தேசோ, அடுத்துச் சுவாகிலி, மூன்றாவதாகத்தான் ஆங்கிலம். கீழ்வகுப்பில் நடுத்தர மாணவர் பலருக்கு அந்தப் பக்கத்தை வாசிக்கவே வரவில்லை. வாசிக்கத் தெரிந்த சிலருக்கு அது பயன்பட்டது. பாடத்திட்டம் நகரத்து மேல்தட்டுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்ற முடிவுக்குக் கட்டுரையாளர்கள் வந்தனர். வகுப்பில் எத்தனை புத்தகம் என்று எண்ணிக்கொண்டிருந்த துறை, அது யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கத் தொடங்கியது இங்கேதான்.

அதே வட்டாரத்தில் இன்னொரு சோதனையும் நடந்தது. இத்தொகுப்பில் அதற்குச் சற்றுக் கூடுதல் இடம் கொடுத்தாலும் தவறில்லை. 178 பள்ளிகளில் 89 பள்ளிகளுக்கு, சட்டத்தில் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டும் பெரிய படத்தாள்கள் வழங்கப்பட்டன. அறிவியல், உடல்நலம், கணிதம் பற்றிய படங்கள். கூடவே சுவரில் மாட்ட ஒரு நிலப்படம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குப் படம் உதவும் என்பது இயல்பான எண்ணம். ஏற்கெனவே இத்தகைய படத்தாள் வைத்திருந்த பள்ளிகளை மற்றவற்றோடு ஒப்பிட்டால் திட்ட விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை உயர்வு தெரிந்தது. குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை. தானாகப் படம் வாங்கி மாட்டும் பள்ளி வேறு பல வகையிலும் நல்ல பள்ளியாக இருக்கும் என்பதே இதன் பொருள். 2004இல் வெளிவந்த இக்கட்டுரை பழைய ஒப்பீட்டு ஆய்வுகள் அனைத்தின் மீதும் ஐயம் விழச் செய்தது. பிலிப்பைன்ஸ் முடிவும் அதற்கு விலக்கல்ல.

புசியாவின் குடற்புழு மாத்திரைச் சோதனை (75 பள்ளிகள், 1998 முதல்) இன்னும் புகழ் பெற்றது, இன்னும் சர்ச்சைக்குள்ளானது. அது இப்பதிவின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. கிரெமர் 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் பொருளியல் நோபல் பரிசு பெற்றார்.

புசியா முடிவை எந்த அளவுக்குப் பொதுமைப்படுத்தலாம் என்பது தீரவில்லை. தாய்மொழியில் பாடநூல் கிடைக்கும் நாட்டுக்கு அது பொருந்தாது என்போர் உண்டு. மொழியைக் காட்டிலும் பாடத்திட்டத்தின் வேகமே தடை என்போரும் உண்டு; லான்ட் பிரிட்செட், அமாண்டா பீட்டி ஆகியோர் இக்கருத்தினர். பிள்ளை இருக்கும் படியிலிருந்தே கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் அமைப்பு 2001-2003இல் நடத்திய ‘பால்சகி’ வகுப்புகளின் மதிப்பீடு (2007) வலுச் சேர்த்தது.

வீடும் அலமாரியும்

புத்தகம் பலன் தராததற்கு வேறு இரு காரணங்களும் பின்னர் முன்வைக்கப்பட்டன. ஜிஷ்ணு தாஸ் குழுவினர் (2013) ஆந்திரப் பிரதேசத்திலும் சாம்பியாவிலும், பள்ளிக்கு மானியம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த பெற்றோர் தங்கள் கல்விச் செலவைக் குறைத்துக்கொண்டதைக் கண்டனர். அறிவிப்பின்றி வந்த மானியம் மதிப்பெண்ணை உயர்த்தியது. எதிர்பார்த்து வந்தது உயர்த்தவில்லை.

இரண்டாவது காரணம் சியரா லியோனில் கிடைத்தது. பள்ளிகளுக்கு வழங்கிய நூல்களில் பெரும்பகுதி பிள்ளைகளின் கைக்கே போகவில்லை என்று சபர்வால், எவன்ஸ், மார்ஷாக் ஆகியோர் 2014இல் எழுதினர். புத்தகங்கள் பள்ளியிலேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அடுத்த தவணை எப்போது வரும், வருமா என்று தெரியாத தலைமையாசிரியர் இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கிழியவிடுவதைவிட வருங்காலத்துக்குப் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம் என்று கருதியிருக்கிறார். அவர் நிலையில் இருந்து பார்த்தால் அதைக் குறை சொல்வதும் எளிதல்ல.

அண்மைக் காலம்

தனிப் புத்தகச் சோதனைகள் அருகிவிட்டன. 2015 முதல் கென்யா முழுவதும் நடைபெற்ற ‘துசோமே’ வாசிப்புத் திட்டத்தில் பிள்ளைக்கு ஒரு நூல், ஆசிரியருக்கு நாள்வாரிக் கையேடு, வகுப்புக்கு வந்து பார்க்கும் பயிற்றுநர் என மூன்றும் சேர்ந்தே வந்தன. அதற்கு முன்னோடியான திட்டத்தில் இவற்றைப் பிரித்துப் பார்த்த பெஞ்சமின் பைப்பர் குழுவினர் (2018), பயிற்சி மட்டும், பயிற்சியும் நூலும், இரண்டோடு கையேடும் என்ற மூன்று அடுக்குகளில் மூன்றாவதே செலவுக்கேற்ற பலனில் முதலிடம் பெற்றதாகக் கூறினர். கல்விச் சான்றுகளுக்கான உலக ஆலோசனைக் குழு 2020இல் வெளியிட்ட பட்டியலில், வேறெதுவும் மாறாமல் நூல் உள்ளிட்ட பொருள்களை மட்டும் கூட்டுவது ‘மோசமான செலவு’ என்ற வரிசையில் இடம்பெற்றது. நூலும் கையேடும் பயிற்சியும் சேர்ந்த திட்டமுறைக் கற்பித்தல் பரிந்துரைக்கப்பட்டவற்றுள் அடங்கியது. 2023இல் திருத்திய பட்டியலில் அது முதல் வரிசைக்கு உயர்த்தப்பட்டது.